விமானம் தாமதமானால் வியாபாரம் நிற்கலாமா?



ஒரு காலத்தில் நம் மதுரை ஜவுளி வியாபாரி சூரத்துக்குக் கொள்முதலுக்குப் போவதென்றால், சென்னை வரை ஒரு ரயில், அங்கிருந்து நவஜீவன் எக்ஸ்பிரஸ் என்று போய்ச் சேரவே இரண்டு நாட்களுக்கு மேல் ஆகும். போய், மார்க்கெட் சுற்றி, ஆர்டர் கொடுத்து, திரும்பி வந்து கல்லாவில் உட்கார ஒரு வாரம் பிடிக்கும். இன்று காலையில் மதுரையில் விமானம் ஏறி, சென்னையிலோ மும்பையிலோ மாறினால், அன்று மாலையே சூரத் ரிங் ரோட்டில் நிற்கலாம். நம் அங்கத்தினர்களில் பலர் மாதம் ஒரு முறையாவது விமானம் ஏறுகிறார்கள். நானும் மாதம் இரண்டு தடவை போய் வருகிறேன்.

இந்த வசதி நமக்கு ஒரு பழக்கத்தையும் கொண்டு வந்திருக்கிறது. ரயிலில் போன காலத்தில் ஒரு நாள் முன்னே பின்னே ஆகும் என்று நாமே கணக்கில் வைத்திருந்தோம். இப்போது மணிக் கணக்கில் திட்டம் போடுகிறோம். பதினோரு மணிக்கு விமானம் இறங்கும், ஒரு மணிக்கு மில்லில் பேச்சு, ஆறு மணிக்குத் திரும்பும் விமானம் என்று எழுதி வைத்துக் கொள்கிறோம். இதில் ஒரு கண்ணி அறுந்தால் எல்லாம் அறுந்து போகிறது. ஆகவே விமானம் ஏன் தவறுகிறது, தவறினால் சட்டப்படி நமக்கு என்ன கிடைக்கும், நம் தொழில் பாதிக்காமல் இருக்க என்ன ஏற்பாடு செய்து கொள்ளலாம் என்பதை அங்கத்தினர்களுக்குப் பயன்படும்படி இங்கே எழுதுகிறேன்.

நேரத்திலும் கையிருப்பு வேண்டும்

நம்மில் யாரும் இன்று விற்கும் அளவுக்கு மட்டும் சரக்கு வாங்கி வைப்பதில்லை. லாரி இரண்டு நாள் தாமதமாக வரலாம், மில்லில் ஸ்டிரைக் வரலாம் என்று பத்து நாள் சரக்காவது கூடுதலாகக் குடோனில் வைக்கிறோம். அதில் பணம் முடங்குகிறது என்பது தெரிந்தும் வைக்கிறோம். கடைக்கு வந்த வாடிக்கையாளர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்பதே காரணம்.

பயணத்துக்கும் இதே கணக்குதான். நேரத்திலும் கையிருப்பு வைக்க வேண்டும். ஆனால் எல்லாச் சரக்குக்கும் ஒரே அளவு கையிருப்பு வைப்பதில்லை அல்லவா? அதுபோல் பயணங்களையும் மூன்றாகப் பிரித்துக் கொள்ளலாம்.

முதலாவது, தள்ளிப் போடக் கூடிய பயணம். மார்க்கெட்டில் புது டிசைன் பார்ப்பது, பழகிய வியாபாரிகளைச் சந்தித்து வருவது போன்றவை. இதற்குக் கையிருப்பு தேவையில்லை. விமானம் ரத்தானால் வீட்டுக்குத் திரும்பி அடுத்த வாரம் போகலாம்.

இரண்டாவது, அரை நாள் தாங்கும் பயணம். பாக்கி வசூல், சரக்கில் வந்த குறையைப் பேசித் தீர்ப்பது போன்றவை. இதற்குக் காலை விமானத்தில் போய், மாலையில் வேலையை வைத்துக் கொண்டால் போதும்.

மூன்றாவது, தவறவே கூடாத பயணம். தீபாவளி, பொங்கல் சீசனின் முதல் லாட், கோர்ட்டு வாய்தா, ஜி.எஸ்.டி. விசாரணை, வீட்டுக் கல்யாணம் ஆகியவை இதில் சேரும். இவற்றுக்கு முதல் நாளே போய்ச் சேர்ந்து அந்த ஊரில் இரவு தங்கி விட வேண்டும். லாட்ஜ் வாடகையைச் செலவு என்று எண்ணாமல், குடோன் வாடகை போல எண்ண வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு இளம் வியாபாரி, சீசன் லாட் ஒன்றைப் பேசி முடிக்க, பேச்சு நாளன்று காலையில்தான் கிளம்பினார். விமானம் ஐந்து மணி நேரம் தாமதம். அவர் போய்ச் சேர்ந்தபோது லாட் வேறு மாநில வியாபாரிக்குப் போய் விட்டது. டிக்கெட் பணம் அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவரை நம்பி ஆர்டர் கொடுத்திருந்த நாற்பதுக்கும் மேற்பட்ட சில்லறைக் கடைக்காரர்களுக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவர்களில் சிலர் அடுத்த சீசனுக்கு வேறு மொத்தக் கடையைப் பார்த்துக் கொண்டார்கள். விமானத் தாமதத்தில் நாம் உண்மையில் இழப்பது நாம் கொடுத்த வாக்கைத்தான்.

விமானம் ஏன் தாமதமாகிறது?

ஒரே விமானம் ஒரு நாளில் ஐந்து, ஆறு ஊர்களுக்கு மாறி மாறிப் பறக்கிறது. காலையில் ஒரு ஊரில் முக்கால் மணி நேரம் தாமதமானால், அடுத்த ஊரில் ஒரு மணி, அதற்கடுத்த ஊரில் ஒன்றரை மணி என்று அது சேர்ந்து கொண்டே போகும். டவுன் பஸ் ஒரு டிரிப் பிந்தினால் அன்றைய டிரிப் முழுவதும் பிந்துவது போலத்தான். ஆகவே மாலை, இரவு விமானங்களே அதிகமாகப் பிந்துகின்றன. முந்திய இரவே வந்து நின்று கொண்டிருக்கும் விமானம் காலையில் முதலில் புறப்படும்போது இந்தத் தொல்லை குறைவு.

நமக்கு வரவேண்டிய விமானம் இப்போது எந்த ஊரில் இருக்கிறது என்பதைச் செல்போனில் பார்க்கும் வசதி இருக்கிறது. வீட்டை விட்டுக் கிளம்பும் முன் பிள்ளைகளைக் கேட்டுப் பார்த்துக் கொள்ளலாம். ஆனால் தாமதம் என்று தெரிந்தாலும் டிக்கெட்டில் உள்ள நேரப்படியே போக வேண்டும். அறிவித்த தாமதம் குறைந்து, விமானம் முன்னதாகவே கிளம்பி விடுவதும் உண்டு.

அடுத்த காரணம் விமானிகளின் வேலை நேரம். ஒரு விமானி ஒரு நாளில் இத்தனை மணி நேரம்தான் வேலை பார்க்கலாம் என்று சட்டம் இருக்கிறது. மழைக்காக இரண்டு மணி நேரம் காத்திருந்த விமானம், மழை விட்ட பிறகும் கிளம்பாமல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த விமானியின் நேரம் முடிந்து, வேறு விமானி வர வேண்டியிருக்கும். இது நம் உயிருக்கான பாதுகாப்பு. இதற்காகக் கவுண்டரில் இருக்கும் பிள்ளைகளிடம் சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

நமது சீசனும் விமானத்தின் கெட்ட காலமும்

நாம் கொள்முதலுக்கு ஓடும் மாதங்களும், விமானங்கள் கெடும் மாதங்களும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன. இதைக் காலண்டரில் குறித்து வைத்துக் கொள்வது நல்லது.

தீபாவளிக் கொள்முதல் ஆகஸ்ட், செப்டம்பரில் நடக்கிறது. அது மும்பையில் பெருமழைக் காலம். அங்குள்ள பழைய விமான நிலையத்தில் இரண்டு ஓடுபாதைகள் இருந்தாலும் அவை ஒன்றையொன்று குறுக்கே வெட்டுவதால், ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்த முடியும். 2019 ஜூலை 1-ஆம் தேதி இரவு மழையில் ஒரு விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் போய் நின்றது. பிரதான ஓடுபாதை சில நாட்கள் மூடப்பட்டு, நூற்றுக்கணக்கான விமானங்கள் பாதிக்கப்பட்டன.

பொங்கல் கொள்முதல் நவம்பர், டிசம்பரில். அது சென்னையில் புயல் காலம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் சில நாட்கள் மூடிக் கிடந்து, அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து விமானங்கள் விடப்பட்டதை நாம் மறக்கவில்லை. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல், 2023 டிசம்பர் 4-இல் மிக்ஜாம் புயல், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் ஆகியவற்றின்போதும் நிலையம் மூடப்பட்டது. புயல் இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே அறிவிக்கப்படுகிறது. அறிவிப்பு வந்ததும் சென்னை வழியாகப் போவதை விட்டு, பெங்களூரு, ஐதராபாத், மும்பை வழியாகப் போக இடம் கிடைக்குமா என்று பார்த்து விட வேண்டும்.

டெல்லி, லக்னோ, வாரணாசி, அமிர்தசரஸ் பக்கம் போகிறவர்களுக்கு டிசம்பர், ஜனவரி பனிமூட்டம் இருக்கிறது. டெல்லியில் 50 மீட்டர் தூரம் மட்டுமே கண்ணுக்குத் தெரியும் போதும் விமானத்தை இறக்கும் கருவி உண்டு. ஆனால் விமானத்திலும் அதற்கான கருவி இருக்க வேண்டும், விமானியும் அந்தப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். புறப்படுவதற்கு இறங்குவதை விடக் கூடுதல் தெளிவு வேண்டும். பனி இரவிலும் அதிகாலையிலும் அடர்ந்து, வெயில் ஏறிய பிறகுதான் விலகுகிறது. ஆகவே காலை முதல் விமானம் நல்லது என்று மேலே சொன்ன விதி, வடக்கே பனிக்காலத்தில் மட்டும் பொருந்தாது. அங்கே பதினோரு மணிக்கு மேல் உள்ள விமானமே உத்தமம். நம் சென்னையிலும் போகியன்று அதிகாலையில் புகையால் இதே தொல்லை வருவதுண்டு. 2018-இல் போகிப் புகையால் பல விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன.

2025 டிசம்பர் சொன்ன பாடம்

இயற்கை மட்டுமே காரணம் அல்ல என்பதை 2025 டிசம்பர் காட்டியது. விமானிகளுக்கு வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்த்தப்பட்டது. இரவில் தரையிறக்கும் எண்ணிக்கைக்கும் கட்டுப்பாடு வந்தது. இந்த விதிகள் 2025 நவம்பர் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனமான இண்டிகோவிடம் அதற்குத் தக்க ஆள் ஏற்பாடு இல்லை. டிசம்பர் முதல் வாரத்தில் விமானங்கள் வரிசையாக ரத்தாயின. டிசம்பர் 5-ஆம் தேதி ஒரே நாளில் 1,000-க்கு மேற்பட்ட விமானங்கள் ரத்து. மற்ற விமானங்களில் கட்டணம் விண்ணுக்கு ஏறியது. மறுநாள் மத்திய அரசு தலையிட்டு, 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,000 கிலோமீட்டர் வரை 12,000 ரூபாய், 1,500 கிலோமீட்டர் வரை 15,000 ரூபாய், அதற்கு மேல் 18,000 ரூபாய் என்று தற்காலிக உச்சவரம்பு விதித்தது.

உள்நாட்டுப் பயணிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் ஒரே நிறுவனத்தின் விமானத்தில் போகிறார்கள். அது படுத்தால் நாடே படுக்கிறது. ஒரே மில்லை நம்பிக் கடை நடத்தக் கூடாது என்பது நமக்குப் பழைய பாடம்தான். எந்த எந்த நிறுவனங்கள் நம் ஊரிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் எங்கெங்கே பறக்கின்றன என்று ஒரு தாளில் எழுதிக் கடையில் வைத்திருந்தால், அவசரத்தில் அலைய வேண்டியதில்லை.

இன்னொரு பாடமும் உண்டு. கிங்ஃபிஷர் 2012-இலும், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்திலும் பறப்பதை நிறுத்தின. அவற்றில் முன்கூட்டியே டிக்கெட் எடுத்தவர்கள் பணத்துக்கு அலைந்தார்கள். நாலு மாதத்துக்கு முன்பே மொத்தமாகப் பல டிக்கெட் எடுத்து வைப்பதை, ஒரே பார்ட்டிக்குப் பெரிய அட்வான்ஸ் கொடுப்பதாக எண்ணிப் பார்த்துச் செய்ய வேண்டும்.

டிக்கெட் எடுக்கும்போது

ஒன்று, செல்போன் எண். ஏஜெண்டு மூலம் டிக்கெட் எடுக்கும்போது, அவர் தம்முடைய எண்ணையே கொடுத்து விடுகிறார். ரத்துச் செய்தி அவருக்குப் போகும், நமக்கு வராது. நம்மைத் தொடர்பு கொள்ளும் விவரம் சரியாக இல்லாவிட்டால் நஷ்ட ஈடு இல்லை என்று விதியிலேயே இருக்கிறது. ஆகவே நம் எண்ணும், கடையில் இருப்பவர் ஒருவரின் மின்னஞ்சலும் டிக்கெட்டில் இருக்க வேண்டும்.

இரண்டு, மாறிப் போகும் விமானங்கள். மதுரை–சென்னை ஒரு டிக்கெட், சென்னை–சூரத் வேறு டிக்கெட் என்று தனித்தனியாக எடுத்தால் இருநூறு முந்நூறு ரூபாய் மிச்சமாகலாம். ஆனால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால், அது நம் பொறுப்பாகி விடும். ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருந்தால்தான் அடுத்த விமானத்தில் ஏற்றி விடும் பொறுப்பு நிறுவனத்தைச் சேரும். தனித்தனியாகத்தான் எடுக்க வேண்டும் என்றால் நடுவில் நாலு மணி நேரமாவது விட வேண்டும்.

மூன்று, எந்த நிலையம் என்று பார்ப்பது. மும்பையில் உள்நாட்டு விமானங்கள் முதல் முனையத்திலிருந்தும் இரண்டாவது முனையத்திலிருந்தும் போகின்றன. இரண்டும் வேறு வேறு இடங்களில் இருக்கின்றன. 2025 டிசம்பர் 25 முதல் நவி மும்பை விமான நிலையமும் செயல்படுகிறது. டிக்கெட்டில் மும்பை என்று மட்டும் பார்த்து விட்டுக் கிளம்பினால் ஊரின் மறுகோடியில் போய் நிற்க நேரிடும்.

நான்கு, ஜி.எஸ்.டி. எண். தொழில் பயணத்துக்கு டிக்கெட் எடுக்கும்போதே கடையின் எண்ணைக் கொடுத்து, விமான நிறுவனத்தின் வரிப் பில்லைத் தனியாக வாங்கிக் கொள்ளவும். சாதாரண வகுப்புக்கு 5 சதவீத வரி. உள்ளீட்டு வரி வரவு எடுத்த பிறகு டிக்கெட் ரத்தானால், கணக்கரிடம் சொல்லி அந்த வரவைத் திருப்பி எழுதவும் வேண்டும்.

விமான நிலையத்தில்

ரத்து என்ற பேச்சு காதில் விழுந்தவுடன் சிலர் அவசரப்பட்டுத் தாங்களே செல்போனில் டிக்கெட்டைக் கேன்சல் செய்து விடுகிறார்கள். அப்படிச் செய்தால் ரத்துக் கட்டணம் நம் தலையில் விழும். நிறுவனம் ரத்து என்று அறிவித்து, செய்தி நம் போனுக்கு வரும் வரை பொறுத்திருக்க வேண்டும்.

அறிவிப்பு வந்ததும் எல்லோரும் ஒரே கவுண்டருக்கு ஓடுகிறார்கள். வரிசையில் ஒரு கால் இருக்கட்டும். அதே நேரத்தில் நிறுவனத்தின் இணையதளத்திலோ போனிலோ மாற்று விமானம் கேட்கவும். கடையில் இருக்கும் பிள்ளையிடம் சொன்னால் அவர் அங்கிருந்தே பார்ப்பார். மீதமுள்ள இருக்கைகள் முதலில் கேட்பவருக்கே கிடைக்கின்றன.

எஸ்.எம்.எஸ்., மின்னஞ்சல், போர்டிங் பாஸ் எதையும் அழிக்கவோ எறியவோ வேண்டாம். தாமதம் எவ்வளவு, காரணம் என்ன என்று எழுத்தில் கேட்டு வாங்கவும். சாப்பாடு, டாக்சி, லாட்ஜ் பில்களைக் கவரில் போட்டு வைக்கவும்.

மாத்திரை, சாம்பிள் துண்டுகள், ஆர்டர் புத்தகம், செல்போன் சார்ஜர், ஒரு மாற்று வேட்டி சட்டை ஆகியவை கைப்பையில்தான் இருக்க வேண்டும். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் இரண்டு நாள் மாத்திரை கூடுதலாக வைத்துக் கொள்ள வேண்டும்.

சட்டப்படி நமக்கு உரியது

சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2010-இல் பயணிகளுக்கான விதிகளைக் கொண்டு வந்து, 2016-இல் நஷ்ட ஈட்டை உயர்த்தியது. அதன் சாரம் வருமாறு. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், கோரிக்கை அனுப்பும் சமயத்தில் இயக்குநரகத்தின் இணையதளத்தில் ஒரு முறை சரிபார்த்துக் கொள்ளவும்.

தாமதம்: இரண்டரை மணி நேரம் வரை பறக்கும் விமானம் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ பிந்தும் என்றால், நேரத்துக்கு வந்து சேர்ந்த பயணிக்குச் சாப்பாடும் சிற்றுண்டியும் தர வேண்டும். நம் உள்நாட்டுப் பயணங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். உள்நாட்டு விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் பிந்தும் என்றால், மாற்று விமானம் அல்லது முழுப் பணம், இரண்டில் ஒன்றைக் கேட்கலாம். 24 மணி நேரத்துக்கு மேல் பிந்தினாலோ, இரவு 8 மணி முதல் அதிகாலை 3 மணிக்குள் புறப்பட வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் பிந்தினாலோ, தங்குமிடம் தர வேண்டும்.

ரத்து: நிறுவனம் இரண்டு வாரத்துக்கு முன்பே சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு, 24 மணி நேரத்துக்கு முன்பு வரை சொன்னால், மாற்று விமானம் அல்லது முழுப் பணம். அப்படியும் சொல்லாமல் ரத்து செய்தால், அதற்கு மேல் நஷ்ட ஈடும் உண்டு. ஒரு மணி நேரப் பயணத்துக்கு 5,000 ரூபாய், இரண்டு மணி நேரம் வரை 7,500 ரூபாய், அதற்கு மேல் 10,000 ரூபாய். ஆனால் இந்தத் தொகை அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அதுவே கிடைக்கும். உதாரணமாக, ஒன்றேகால் மணி நேரப் பயணத்துக்கு அந்த இரண்டும் சேர்ந்து 4,200 ரூபாய் என்றால், நஷ்ட ஈடு 4,200 ரூபாய்தான். 7,500 அல்ல.

இடமில்லை என்று இறக்கி விடுதல்: இருக்கைகளை விடக் கூடுதலாக டிக்கெட் விற்று, உறுதியான டிக்கெட் வைத்திருப்பவரை ஏற்ற மறுத்தால், ஒரு மணி நேரத்துக்குள் வேறு விமானம் தந்து விட்டால் நஷ்ட ஈடு இல்லை. 24 மணி நேரத்துக்குள் என்றால் அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கட்டணம் சேர்ந்ததைப் போல் இரண்டு மடங்கு, உச்சவரம்பு 10,000 ரூபாய். அதற்கும் மேல் என்றால் நாலு மடங்கு, உச்சவரம்பு 20,000 ரூபாய்.

புயல், பனி, கலவரம், பாதுகாப்பு உத்தரவு போன்று நிறுவனத்தின் கைக்கு மீறிய காரணம் என்றால் நஷ்ட ஈடு கிடையாது. அப்போதும் விமானம் ரத்தானால் மாற்று விமானமோ டிக்கெட் பணமோ உண்டு. எந்த நிலையிலும் நம் வியாபார நஷ்டத்துக்கு இந்த விதிகளில் ஈடு இல்லை. இதை மனதில் வைத்துக் கொண்டால்தான் முன்னேற்பாட்டின் அருமை புரியும்.

உரிமை இருந்தாலும் கேட்டால்தான் கிடைக்கிறது. ஒரு முறை மூன்று மணி நேரத் தாமதத்தில் ஒரு கூட்டமே சத்தம் போட்டுக் கொண்டிருந்தது. நான் கவுண்டருக்குப் போய், "இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகி விட்டது, விதிப்படி சாப்பாட்டுக் கூப்பன் தர வேண்டும் அம்மா" என்றேன். அந்தப் பெண் உடனே எடுத்துக் கொடுத்தார். பின்னால் இருந்தவர்களும் வாங்கிக் கொண்டார்கள். சத்தத்தை விட விதியைச் சொல்வதற்குப் பலன் அதிகம்.

புகாரை முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் அனுப்ப வேண்டும். பதில் திருப்தி இல்லை என்றால், விமானப் போக்குவரத்து அமைச்சகம் 2016-இல் தொடங்கிய ஏர்சேவா இணையதளத்தில் பதியலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், வணிக நோக்கத்துக்காக எடுத்த டிக்கெட் என்று எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கலாம். எனவே வக்கீலைக் கலந்து கொண்டு போகவும்.

மாற்று வழிகள்

மதுரைக்காரர்களுக்குத் திருச்சி, தூத்துக்குடி, கோவை விமான நிலையங்கள் காரில் போகும் தூரத்தில் இருக்கின்றன. திருச்சிக்கும் தூத்துக்குடிக்கும் மூன்று மணி நேரத்துக்குள் போய் விடலாம். சென்னைக்கு வைகை, பாண்டியன், தேஜஸ் ரயில்களும், 2023 செப்டம்பர் முதல் நெல்லை வந்தே பாரத்தும் உள்ளன. வந்தே பாரத்தில் சுமார் ஆறு மணி நேரம். விமான நிலையத்துக்கு முன்னதாகப் போவது, காத்திருப்பது, இறங்கி ஊருக்குள் போவது எல்லாம் சேர்த்தால், சென்னை வரை மட்டும் போகிறவர்களுக்கு விமானத்தில் மிச்சமாகும் நேரம் இரண்டு மணி கூட இராது. பெங்களூருக்கும் 2024 ஆகஸ்ட் முதல் வந்தே பாரத் ஓடுகிறது.

அந்தப் பக்கமும் இப்படியே. சூரத்துக்கு இடம் இல்லையென்றால் மும்பை, ஆமதாபாத், வதோதரா மூன்றில் எதில் இறங்கினாலும் ரயில் நிறைய உண்டு. மும்பையிலிருந்து சூரத் சுமார் 260 கிலோமீட்டர், ஆமதாபாத்திலிருந்து 230, வதோதராவிலிருந்து 130. மாற்று விமானம் கேட்கும்போது சூரத் என்று மட்டும் பிடிவாதமாக நிற்காமல், இந்த ஊர்களையும் சொல்லிக் கேட்கவும்.

ரயிலில் தட்கல் டிக்கெட்டை இணையத்தில் எடுக்க, 2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்த்த கணக்கு தேவை. அவசர நேரத்தில் அந்த வேலையைச் செய்து கொண்டிருக்க முடியாது. இந்த வாரமே கடையில் ஒருவர் கணக்கையாவது சரி செய்து வைக்கவும்.

கடையில் செய்ய வேண்டிய ஏற்பாடு

முதலாளி விமான நிலையத்தில் மாட்டிக் கொண்டால் கடையில் எது எது நிற்கும் என்று ஒரு பட்டியல் எழுதிப் பாருங்கள். அந்தப் பட்டியல் நீளமாக இருந்தால், விமானம் சரியாகப் பறந்தாலும் நம் கடை பலவீனமாகவே இருக்கிறது என்று பொருள்.

வங்கியில் நெஃப்ட் 2019 டிசம்பர் முதலும், ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பர் முதலும் ஞாயிறு, இரவு பாராமல் எந்நேரமும் நடக்கின்றன. ஆனால் ஓ.டி.பி. முதலாளியின் போனுக்கு மட்டும் வருமானால், அவர் வானத்தில் இருக்கும் மூன்று மணி நேரமும் பணம் நகராது. பார்ட்டி பணம் வராமல் சரக்கை லாரியில் ஏற்ற மாட்டார். மகனுக்கோ நம்பிக்கையான மேனேஜருக்கோ ஒரு வரம்புக்குள் பணம் அனுப்பும் அதிகாரத்தை வங்கியில் எழுதிக் கொடுத்து வைக்கலாம். செக்கில் கையெழுத்திடும் அதிகாரமும் இருவருக்கு இருக்கட்டும். இ-வே பில் போடும் பாஸ்வேர்டு கடையில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கொள்முதலிலும் இப்படி ஒரு ஏற்பாடு வேண்டும். என்ன தரம், என்ன விலை வரை போகலாம், எத்தனை பேல் என்று ஒரு தாளில் எழுதி, அந்த ஊரில் உள்ள நம் கமிஷன் ஏஜெண்டிடம் முன்கூட்டியே கொடுத்து விட்டால், நாம் போய்ச் சேராவிட்டாலும் பேச்சு நடக்கும். தாமதம் என்று தெரிந்த உடனே பார்ட்டிக்கு நாமே போன் செய்து சொல்லி விட வேண்டும். காத்திருந்து பார்த்து விட்டு அவர் நமக்குப் போன் செய்யும்படி வைத்துக் கொள்ளக் கூடாது. முன்கூட்டிச் சொன்னவருக்காக லாட்டை அரை நாள் நிறுத்தி வைக்கும் பெருந்தன்மை எல்லா மார்க்கெட்டிலும் உண்டு.

கணக்கு என்ன சொல்கிறது?

வருடத்துக்கு 24 பயணம் போகும் ஒருவருக்கு, தவறவே கூடாத பயணம் ஆறுக்கு மேல் இருக்காது. அந்த ஆறுக்கும் முதல் நாளே போய்த் தங்கினால், தங்க, சாப்பிட 3,000 ரூபாய் வீதம் 18,000 ரூபாய். மற்ற 18 பயணங்களுக்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை. ஒரு சீசன் லாட் கைநழுவினால் போவது எவ்வளவு என்று ஒவ்வொருவரும் தம் பேரேட்டைப் பார்த்துத் தெரிந்து கொள்ளலாம். நமக்காகக் காத்திருக்கும் சில்லறைக் கடைக்காரரின் நம்பிக்கைக்குப் பேரேட்டில் பக்கம் இல்லை. ஆனால் மற்ற எல்லாப் பக்கங்களும் அதை வைத்துத்தான் நிரம்புகின்றன.

மேகமும் பனியும் நம் சொல் கேட்காது. எத்தனை மணிக்குக் கிளம்புவது, யாரிடம் பொறுப்பைக் கொடுத்து விட்டுக் கிளம்புவது என்பதெல்லாம் நம் கையில்தான் இருக்கிறது. வரும் சீசன் பயணத்துக்கு டிக்கெட் எடுக்கும் முன் இந்த விவரங்களை ஒரு முறை கவனத்தில் கொள்ளுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக் கொள்கிறேன். நண்பர்கள் தம் அனுபவத்தில் கண்ட வேறு நல்ல யோசனைகளையும் சங்கத்துக்கு எழுதி அனுப்பினால் எல்லோருக்கும் உதவியாக இருக்கும்.